மிளகு பாக்கெட்டில் ஊர்ப் பெயர் எங்கே? மட்டாஞ்சேரி குடோனில் காணாமல்போகும் ஒரு தகவல்

சூப்பர் மார்க்கெட்டில் 100 கிராம் மிளகு பாக்கெட் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். விலை இருக்கும், எடை இருக்கும், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இருக்கும். பேக் செய்த நிறுவனத்தின் முகவரி பின்கோடு வரைக்கும் இருக்கும். அந்த மிளகு எந்த நாட்டு மண்ணில் விளைந்தது என்ற ஒரு வரி மட்டும் பெரும்பாலும் இருக்காது.

"இல்லாவிட்டால் என்ன? இங்கேதான் பேக் ஆகியிருக்கிறது, அப்போ நம்ம ஊர் மிளகுதானே?" என்று நினைத்துக் கூடையில் போட்டுவிடுகிறோம். அந்தத் 'தானே' சரியா என்பதுதான் கேள்வி. சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதைச் சரிபார்க்க நம் கையில் எதுவும் இல்லை.

இதில் விசித்திரம் என்னவென்றால், இறக்குமதியான ஒவ்வொரு மிளகு மூட்டையும் எங்கிருந்து வந்தது என்று அரசுக்குத் தெரியும். சுங்கத்துறை ஆவணத்தில் அது எழுத்தில் இருக்கிறது. இறக்குமதியாளரின் ஃபைலிலும் இருக்கிறது. துறைமுகத்தில் இருந்த தகவல் கடை அலமாரிக்கு வருவதற்குள் எங்கே போகிறது? மிளகு வணிகத்தின் பழைய தலைநகரான கொச்சியின் மட்டாஞ்சேரியை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

மட்டாஞ்சேரியில் ஏன் தொடங்க வேண்டும்?

மட்டாஞ்சேரி என்றதும் சுற்றுலா போனவர்களுக்கு 1568ல் கட்டப்பட்ட பரதேசி சினகாக் நினைவுக்கு வரும். அதை ஒட்டிய ஜூ டவுன் தெருவில்தான் இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கம், சுருக்கமாக இப்ஸ்டா, இருக்கிறது. 1957ல் தொடங்கிய இந்தச் சங்கத்தின் கூடத்தில்தான் மிளகுக்கான முன்பேர வணிகம் பல பத்தாண்டுகள் கூவிக் கூவி நடந்தது. பிறகு கம்ப்யூட்டர் திரை வந்தது, பெரிய எக்ஸ்சேஞ்சுகள் வந்தன, கூச்சல் அடங்கியது. ஆனாலும் இந்திய மிளகு விலை என்றால் இன்றைக்கும் வணிகப் பக்கங்கள் எடுத்துப் போடுவது கொச்சி விலையைத்தான்.

இடுக்கி, வயநாடு மலைகளில் பறித்துக் காயவைத்த மிளகு இங்கே வந்து, தூசி, காம்பு, பொக்கு நீக்கிச் சுத்தமாகி வெளியே போகும். சுத்தம் செய்ததை 'கார்பிள்ட்' என்பார்கள், செய்யாததை 'அன்கார்பிள்ட்' என்பார்கள். இரண்டுக்கும் தனித்தனி விலை. நூற்றாண்டுகளாகச் சரக்கு ஒரே திசையில்தான் போனது: மலையிலிருந்து கடலுக்கு.

இப்போது எதிர்த்திசையிலும் வருகிறது. உலகில் அதிகமாக மிளகு விளைவிக்கும் நாடு இன்று வியட்நாம். இந்தியா அதற்குப் பின்னால்தான். வியட்நாமில் ஹெக்டேருக்குக் கிடைக்கும் விளைச்சல் நம்முடையதைவிடப் பல மடங்கு. அதனால் அங்கே விலை குறைவு. விலை குறைந்த இடத்திலிருந்து விலை கூடிய இடத்துக்குச் சரக்கு வருவது வணிகத்தின் இயல்பு. அதில் குற்றம் எதுவும் இல்லை. சிக்கல், வந்த சரக்கு எந்தப் பெயரில் விற்கிறது என்பதில்தான்.

ஒரே மிளகு, நான்கு விலை

ஒரு மிளகு எந்த நாட்டில் விளைந்தது என்பது சுங்கத்துறைக்குக் காசு விஷயம். நாட்டைப் பொறுத்து வரி மாறும்.

2017 டிசம்பரில் மத்திய அரசு மிளகுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது: கிலோவுக்கு 500 ரூபாய். சரக்கு விலை, காப்பீடு, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த சிஐஎஃப் மதிப்பு இது. 2018 மார்ச்சில் இந்த விதியை இறுக்கி, 500க்குக் கீழே உள்ள மிளகை இறக்கவே கூடாது என்றார்கள். அந்த 500 ரூபாயையே அடிப்படையாக வைத்து, மற்ற சில்லறை வரிகளை விட்டுவிட்டு, அடிப்படைச் சுங்க வரியை மட்டும் கூட்டிப் பார்ப்போம்.

இலங்கை மிளகு, வரியில்லாக் கோட்டாவுக்குள்: 500 ரூபாய். (இந்திய-இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மிளகுக்கான கோட்டா ஆண்டுக்கு 2,500 டன்.)

இலங்கை மிளகு, கோட்டா தாண்டி, சார்க் நாடுகளின் சாஃப்டா ஒப்பந்தத்தில் 8 சதவீத வரியோடு: 540 ரூபாய்.

வியட்நாம் மிளகு, ஆசியான் ஒப்பந்தப்படி 50 சதவீத வரியோடு: 750 ரூபாய்.

ஒப்பந்தம் எதுவும் இல்லாத நாட்டு மிளகு, 70 சதவீத வரியோடு: 850 ரூபாய்.

கவனியுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கறுப்பு உருண்டைதான். சான்றிதழில் 'வியட்நாம்' என்று இருந்தால் 750. அதே சரக்குக்கு 'இலங்கை' என்று ஒரு காகிதம் கிடைத்துவிட்டால் 500. வித்தியாசம் கிலோவுக்கு 250 ரூபாய். 10 டன் சரக்குக்குக் கணக்குப் போட்டால் 25 லட்சம் ரூபாய். விளைந்த நாடு என்ற ஒற்றைச் சொல்லின் சந்தை மதிப்பு இது.

இவ்வளவு காசு ஒரு சொல்லில் இருந்தால் அந்தச் சொல்லை மாற்ற ஆள் வரத்தான் செய்வார்கள். வியட்நாம் மிளகு கொழும்பு வழியாகச் சுற்றி, இலங்கைச் சான்றிதழோடு இந்தியாவுக்குள் வருகிறது என்று கேரள, கர்நாடக விவசாயிகள் பல ஆண்டுகள் புகார் சொன்னார்கள். இலங்கையிலும் இதே குரல் கேட்டது. மாத்தளை, கண்டிப் பக்கம் மிளகு வைத்திருக்கும் விவசாயிக்கு இதில் இரட்டை அடி: அவர் ஊர்ப் பெயரில் வேறு ஊர்ச் சரக்கு போகிறது, அவர் மிளகின் மேல் சந்தேகமும் விழுகிறது. 2019 கடைசியில், மறு ஏற்றுமதிக்காக மிளகு, பாக்கு போன்றவற்றை இறக்குவதை இலங்கை அரசே தடை செய்தது.

கணக்கு எங்கே இடித்தது?

விலையைப் பாருங்கள். 2016 வாக்கில் கொச்சியில் கிலோ 700 ரூபாயை ஒட்டி இருந்த மிளகு, 2019-20ல் அதில் பாதிக்கும் கீழே போனது. இதற்கு இறக்குமதி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. வியட்நாமில் விளைச்சல் குவிந்து உலகம் முழுக்கவே விலை சரிந்த காலம் அது.

ஆனால் இடிக்கிற இடம் ஒன்று உண்டு. 500 ரூபாய்க்குக் குறைந்து இறக்கவே கூடாது என்று விதி. உள்ளூர்ச் சந்தையிலோ விலை 350க்கும் கீழே. 500 கொடுத்து வாங்கி, மேலே வரியும் கட்டி, 350க்கு யார் விற்பார்கள்? கணக்குப்படி இறக்குமதி நின்றுபோயிருக்க வேண்டும். நிற்கவில்லை.

விளக்கம் இரண்டு வகை. ஒன்று சட்டப்படியானது. இறக்கி, பதப்படுத்தி, திரும்ப ஏற்றுமதி செய்பவர்களுக்கு இந்தக் குறைந்தபட்ச விலையிலிருந்து விலக்கு உண்டு. கொச்சியைச் சுற்றி மிளகுச் சாறு, அதாவது ஓலியோரெசின், எடுக்கும் பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. உலகச் சந்தையில் போட்டி போட அவர்களுக்கு மலிவான மிளகு தேவை. அங்கே வேலை செய்பவர்களின் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது.

இன்னொன்று விவசாயிகள் சங்கங்கள் சொன்னது: உண்மை விலையை மறைத்து பில்லில் 500 என்று ஏற்றிப் போடுகிறார்கள், ஏற்றுமதிக்கென்று வந்த சரக்கும் உள்ளூர்ச் சந்தைக்குக் கசிகிறது. எந்த அளவுக்கு நடந்தது என்பது விசாரணை அமைப்புகள் சொல்ல வேண்டியது. நமக்கு இங்கே முக்கியம் வேறு. வந்த சரக்கு உள்ளூர் மூட்டையோடு சேர்ந்த பிறகு, அதைப் பிரித்துக் காட்ட வாங்குபவர் கையில் ஒரு அடையாளமும் இல்லை. அடையாளம் இருந்திருந்தால் கசிவுக்கு லாபம் குறைந்திருக்கும்.

இத்தனை ஆண்டுப் போராட்டத்தில் பெரும்பாலும் கேட்கப்பட்டது வரி, குறைந்தபட்ச விலை, தடை. எல்லாமே துறைமுகத்தில் நிற்கிற கோரிக்கைகள். கடை அலமாரி வரைக்கும் வருகிற கோரிக்கை, அதாவது 'பாக்கெட்டில் நாட்டின் பெயரை எழுது' என்பது, பின்னாலேயே தங்கிவிட்டது.

சட்டத்தில் இல்லையா?

இருக்கிறது. ஆனால் ஓட்டையோடு இருக்கிறது. மூன்று நிலைகளாகப் பிரித்தால் புரியும்.

முதல் நிலை: வெளிநாட்டிலேயே பேக் ஆகி வரும் பொருள். இதில் குழப்பமே இல்லை. 2011ன் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகளில் செய்த திருத்தப்படி, 2018 ஜனவரி முதல் இறக்குமதிப் பொட்டலத்தில் விளைந்த அல்லது தயாரான நாட்டின் பெயர் கட்டாயம். உணவுக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ லேபிள் விதிகளும் அதையே சொல்கின்றன. ஆன்லைனில் விற்றாலும் நாட்டைச் சொல்ல வேண்டும் என்று 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் சேர்த்தன.

இரண்டாம் நிலை: மூட்டையில் வந்து இங்கே பாக்கெட் ஆகும் பொருள். வெளிநாட்டில் தயாரான உணவை இந்தியாவில் பேக் செய்தாலும் நாட்டின் பெயரும் இறக்குமதியாளர் முகவரியும் லேபிளில் வேண்டும் என்பதுதான் எஃப்எஸ்எஸ்ஏஐ விதி. காகிதத்தில் நல்ல விதி. ஆனால் ஒரு குடோனில் இடுக்கி மூட்டையும் வியட்நாம் மூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், பாக்கெட்டுக்குள் எது போனது என்று வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்றாம் நிலை: கலந்தது, அரைத்தது, மசாலாவில் சேர்ந்தது. இங்கேதான் பெரிய ஓட்டை. இன்னொரு நாட்டில் பதப்படுத்தி உணவின் இயல்பு மாறினால், பதப்படுத்திய நாட்டையே மூல நாடாகக் கொள்ளலாம் என்கிறது விதி. இது நாம் கண்டுபிடித்தது இல்லை. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதியிலும் அப்படித்தான் இருக்கிறது. சரி, மிளகை அரைத்துத் தூளாக்கினால் அதன் 'இயல்பு' மாறிவிட்டதா? மாறவில்லை என்று நீங்கள் சொல்லலாம், மாறிவிட்டது என்று கம்பெனி வக்கீல் சொல்லலாம். கரம் மசாலாவில் ஒரு பொருளாகச் சேர்ந்துவிட்டால் வாதமே தேவையில்லை. 'மிளகு' என்று பட்டியலில் போட்டால் போதும்.

இதோடு இன்னொன்று. 2019ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, வீரியம், தூய்மை, தரநிலை, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமையை நமக்குத் தருகிறது. அந்தப் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். 'எங்கே விளைந்தது' அதில் இல்லை.

மௌனத்துக்கு இரண்டு அர்த்தம்

மேலே சொன்ன விதிகள் எல்லாம் இறக்குமதிப் பொருளுக்கு மட்டும். இந்தியாவில் விளைந்த மிளகுக்கு 'இந்தியாவில் விளைந்தது' என்று போட வேண்டிய கட்டாயம் இல்லை.

அதனால் நாட்டின் பெயர் இல்லாத பாக்கெட் இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, அது உண்மையிலேயே இந்திய மிளகு. இன்னொன்று, அது எங்கிருந்தோ வந்து வழியில் பெயரைத் தொலைத்த மிளகு. வெளியில் பார்க்க இரண்டும் ஒன்று. நாம் இரண்டையும் 'நம்ம ஊர்' என்று எடுத்துக்கொள்கிறோம். அதாவது லேபிள் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. சும்மா இருந்தால் போதும், மீதியை நாமே நிரப்பிக்கொள்வோம்.

இதில் முதலில் அடி வாங்குவது சில்லறையாக மிளகுக் கொடி வைத்திருக்கும் விவசாயி. வயநாட்டிலோ, நம் கொல்லிமலையிலோ, கூடலூரிலோ காப்பிச் செடிகளுக்கு நடுவே மரத்தில் கொடி ஏற்றியிருப்பவருக்குக் கூலி கூடுதல், விளைச்சல் குறைவு. அவர் மிளகு விலையில் வியட்நாமை ஒருநாளும் வெல்லப் போவதில்லை. அவரிடம் இருக்கிற ஒரே பலம் மணமும் ஊர்ப் பெயரும். பெயரைக் காட்ட இடமே இல்லை என்றால் அவர் வெறும் விலையில்தான் போட்டி போட வேண்டும். தோற்பார்.

'தெல்லிச்சேரி' என்று போட்டிருந்தால்?

"நான் பிரீமியம்தான் வாங்குகிறேன், தெல்லிச்சேரி என்று போட்டிருக்கிறது" என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். மிளகு வணிகத்தில் தெல்லிச்சேரி என்பது பெரும்பாலும் அளவைக் குறிக்கும் தரப்பெயர். மணி 4.25 மில்லிமீட்டர் சல்லடையில் நின்றால் ஒரு கிரேடு, 4.75ல் நின்றால் அதற்கு மேல் கிரேடு. தலச்சேரியில் விளைந்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

'மலபார் மிளகு' வேறு. அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெயரைப் பொய்யாகப் பயன்படுத்தினால், 1999ன் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்கும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் வழி உண்டு. ஆனால் புவிசார் குறியீடு தன் பெயரை மட்டும்தான் காக்கும். பெயரே போடாமல் சும்மா 'பிளாக் பெப்பர்' என்று விற்பவரை அது ஒன்றும் கேட்காது.

மிளகு மட்டும்தானா?

இல்லை. உங்கள் சமையலறையை ஒருமுறை சுற்றி வாருங்கள். கொல்லத்திலும் பண்ருட்டியிலும் உடைக்கும் முந்திரியில் கணிசமான பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டையாக வந்தது. துவரம் பருப்பு மியான்மரிலிருந்தோ மொசாம்பிக்கிலிருந்தோ வந்திருக்கலாம். மசூர் பருப்பு கனடாவோ ஆஸ்திரேலியாவோ. கொட்டையை உடைப்பதும் பருப்பைத் தீட்டுவதும் இங்கே நடப்பதால், பாக்கெட் இந்திய முகவரியோடு வருகிறது.

இவை கெட்ட உணவு என்று யாரும் சொல்லவில்லை. உள்ளூர் விளைச்சல் போதாதபோது இறக்குமதிதான் விலையைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆனால் தெரிந்து வாங்குவது வேறு, தெரியாமல் வாங்குவது வேறு.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

ஆஸ்திரேலியா: 2015ல் இறக்குமதியான உறைந்த பெர்ரிப் பழங்களோடு தொடர்புபடுத்தப்பட்ட ஹெபடைடிஸ் ஏ பரவல் அங்கே பெரிய விவாதமானது. 2016ல் புதிய லேபிள் தரம் வந்தது, 2018 ஜூலை முதல் கட்டாயம். அங்கே விளைந்த அல்லது தயாரான உணவு என்றால் முக்கோணத்துக்குள் கங்காரு, அதன் கீழே ஒரு பட்டை. உள்ளே இருப்பதில் எத்தனை சதவீதம் ஆஸ்திரேலியப் பொருள் என்று பட்டை சொல்லும். படிக்கத் தெரியாத குழந்தைக்கும் புரியும்.

ஐரோப்பிய ஒன்றியம்: தேன் பாட்டிலில் 'ஒன்றிய நாடுகள் மற்றும் பிற நாடுகளின் கலவை' என்று மொட்டையாகப் போட்டு ஒப்பேற்றி வந்தார்கள். 2024ல் அந்த விதியைத் திருத்தினார்கள். 2026 ஜூன் முதல், கலவைத் தேனில் நாடுகளின் பெயரையும் பங்கையும் எழுத வேண்டும் என்பது புதிய விதி. நம் மிளகுக்கு மிக அருகில் இருக்கும் முன்மாதிரி இதுதான். இரண்டுமே கண்ணால் பார்த்து ஊர் சொல்ல முடியாத, எளிதில் கலக்கக்கூடிய பொருள்கள்.

ஜப்பான்: உள்நாட்டில் தயாராகும் பதப்படுத்திய உணவுகளில், முதன்மைப் பொருள் எந்த நாட்டுடையது என்று சொல்வது 2022 ஏப்ரலிலிருந்து முழுமையாகக் கட்டாயம்.

அமெரிக்கா: இது எச்சரிக்கைக் கதை. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சிக்கு நாட்டுப் பெயரைக் கட்டாயமாக்கிய சட்டத்தை எதிர்த்து கனடாவும் மெக்சிகோவும் உலக வணிக அமைப்பில் வென்றன. ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் பதிலடி வரி போட அனுமதியும் கிடைத்தது. 2015 டிசம்பரில் அமெரிக்கா அந்தப் பகுதியைத் திரும்பப் பெற்றது. தோற்றதற்கான காரணம்தான் நமக்கு முக்கியம். வளர்ப்பவரிடமும் அறுப்பவரிடமும் கேட்டு வாங்கிய தகவல் மலையளவு, லேபிள் வழியாக வாங்குபவருக்குப் போய்ச் சேர்ந்தது கையளவு. இந்தப் பொருத்தமின்மையைத்தான் மேல்முறையீட்டு அமைப்பு 2012ல் சுட்டிக் காட்டியது.

நம் நிலைமையும் அதுதானே? துறைமுகத்தில் எல்லாம் கேட்கிறோம், அலமாரியில் எதுவும் சொல்வதில்லை.

எதிர்த்துச் சொல்பவர்களின் வாதம்

"செலவாகும்" என்பார்கள். ஆகும். ஆனால் தகவலைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. 2020 செப்டம்பர் 21 முதல் அமலில் இருக்கும் சுங்க விதிகளின்படி, ஒப்பந்தச் சலுகை வரியில் இறக்கும் இறக்குமதியாளர், சரக்கு எப்படி அந்த நாட்டுப் பொருளாகத் தகுதி பெற்றது என்ற விவரங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஆவணங்களை ஐந்து ஆண்டு பாதுகாக்க வேண்டும். பாக்கெட்டின் ஆயுளைவிட அந்த ஃபைலின் ஆயுள் அதிகம். அதிலிருக்கும் ஒரு சொல்லை லேபிளுக்குக் கொண்டுவருவதுதான் வேலை.

"ஒவ்வொரு மாதமும் கலவை மாறும், மாதம் ஒரு லேபிள் அடிக்க முடியுமா?" என்பார்கள். நியாயமான கேள்வி. பேட்ச் எண், பேக் செய்த தேதி, விலை எல்லாம் ஏற்கெனவே மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. அவற்றை இன்க்ஜெட்டில் தனியாக அடிக்கிறார்கள். நாட்டின் பெயரும் அந்த வரியில் சேரலாம்.

"பொய் எழுதினால் யார் கண்டுபிடிப்பது?" என்பது கடினமான கேள்வி. மண்ணும் மழையும் தாவரத்தில் விட்டுச் செல்லும் ஐசோடோப்பு விகிதத்தையும் நுண் தனிமங்களையும் வைத்து விளைந்த இடத்தைக் கணிக்கும் ஆய்வகச் சோதனைகள் உலகில் பயன்பாட்டில் இருக்கின்றன. ஆனால் எல்லாப் பாக்கெட்டையும் சோதிக்க முடியாது. பில்லோடு பில்லை ஒப்பிடும் தணிக்கைதான் முதுகெலும்பு. அதோடு அபராதமும் உறைக்க வேண்டும். தவறான லேபிளுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விதிக்கும் அதிகபட்ச அபராதம் 3 லட்சம் ரூபாய். மேலே பார்த்த 25 லட்சத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரி ஏய்ப்புக்குச் சுங்கச் சட்டத்தில் தனித் தண்டனை உண்டு, அது துறைமுகத்துக்கு. அலமாரியில் சொல்லும் பொய்க்கு விலை இவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று: "இது வெளிநாட்டு வெறுப்பு அரசியல் ஆகிவிடாதா?" ஆகலாம், கவனமாக இல்லாவிட்டால். 'இந்தியப் பொருள் என்றால் நல்லது' என்ற முடிவுக்கு லேபிள் துணை போகக் கூடாது. 2024 ஏப்ரலில் ஹாங்காங் உணவுப் பாதுகாப்பு மையம், எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகச் சொல்லி விற்பனையை நிறுத்தச் சொன்னது இந்திய மசாலாப் பொருள்களைத்தான். நாட்டின் பெயர் தரச் சான்றிதழ் அல்ல. அது ஒரு முகவரி. தவறு நடந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிவதற்கு முகவரி வேண்டும்.

அப்படின்னா என்ன கேட்கலாம்?

ஒன்று, மௌனத்துக்கு இடமில்லை. மிளகு, ஏலம், பருப்பு, முந்திரி, தேன் போன்ற ஒற்றைப் பொருள் பாக்கெட்டுகளில், விளைந்த நாடு எதுவாக இருந்தாலும் எழுத வேண்டும், இந்தியா உட்பட. எல்லோருக்கும் ஒரே விதி என்றால், வெளிநாட்டுச் சரக்கை மட்டும் ஒதுக்குகிறீர்கள் என்ற குற்றச்சாட்டும் பலவீனமாகும்.

இரண்டு, கலவை என்றால் நாடுகளின் பெயரைப் பங்கின் வரிசையில் சொல்ல வேண்டும். தேனுக்கு ஐரோப்பா செய்வதை மிளகுக்கு இந்தியா செய்யலாம்.

மூன்று, 'இயல்பு மாறுதல்' எது என்று எஃப்எஸ்எஸ்ஏஐ தெளிவாகச் சொல்ல வேண்டும். அரைப்பது, உடைப்பது, தீட்டுவது இயல்பு மாற்றமா இல்லையா? ஒரு பட்டியல் போதும்.

நான்கு, பேட்ச் எண்ணை இறக்குமதி ஆவணத்தோடு இணைக்க வேண்டும். பொதுமக்கள் பார்க்க வேண்டியதில்லை, அதிகாரி கேட்டால் காட்டும்படி இருந்தால் போதும்.

அரசின் கவனம் இதுவரை ஆன்லைன் பக்கம் இருக்கிறது. இறக்குமதிப் பொருள்களை நாடு வாரியாகத் தேடிப் பிரிக்கும் வசதி மின்வணிகத் தளங்களில் கட்டாயமாக வேண்டும் என்று 2025 நவம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை வரைவுத் திருத்தம் வெளியிட்டது. நல்ல விஷயம். ஆனால் தேடுபொறி எவ்வளவு நன்றாக இருந்தாலும், உள்ளே பதிந்ததைத்தான் காட்டும். குடோனில் தொலைந்த பெயரை ஆப் கண்டுபிடித்துத் தராது.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது

பின்பக்கத்தைப் படியுங்கள். 'பேக் செய்தவர்' என்பது விளைவித்தவர் இல்லை. 'இந்தியாவில் பேக் செய்யப்பட்டது' என்பது இந்தியாவில் விளைந்தது இல்லை. 'மலபார்' என்று இருந்தால் புவிசார் குறியீட்டு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விளைந்த நாட்டைக் கேட்டு பிராண்டின் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு மெயில் போடுங்கள், அவர்களுக்குத் தெரியும். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இல்லை என்று தெரிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருப்பவர், குறைந்த விலை போதும் என்பவர், இருவருக்கும் உரிமை ஒன்றுதான்: எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவது. கொல்லிமலை விவசாயிக்கும் மாத்தளை விவசாயிக்கும் வியட்நாம் விவசாயிக்கும்கூட அதனால் நஷ்டம் இல்லை. அவரவர் மிளகு அவரவர் பெயரில் விற்கும். நஷ்டம் வருவது, மூன்றையும் ஒரே மூட்டையில் கொட்டிப் பெயரை அழிப்பவருக்கு மட்டும்தான்.